நல்லம்மா காது வாங்கின கதை

கோப்பாயில் நல்லம்மா புருசனோடு கதைத்தால் நீர்வேலியில் நெல்லுக் குத்துகிற பெண்கள் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று ஒரு பகிடி இருந்தது. பகிடி என்று தள்ளிவிடவும் ஏலாது. ஏழு வருசத்துக்கு முந்திய மாரியில் வந்த காய்ச்சல் ஏரம்புவின் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. அது விட்டுப்போன கொஞ்சநஞ்சத்துக்குள் ஒரு சொல்லை ஏற்ற வேண்டுமென்றால் தொண்டை கிழியக் குளறத்தான் வேண்டும். "சாப்பிட வாங்கோ" என்பதையும் குளற வேண்டும், "உங்கடை வேட்டி பின்னுக்குக் கிழிஞ்சிருக்கு" என்பதையும் குளற வேண்டும். ஒழுங்கையில் போகிற சனமெல்லாம் அந்த வேட்டியைப் பார்க்க வேலிக்கு மேலால் எட்டும். வாய்க்காரி என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். வைத்தவர்கள் ஒரு நாளைக்கு ஏரம்புவோடு குடித்தனம் நடத்திப் பார்த்திருக்க வேண்டும்!

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருசம், மாசி மாசம். பனி போய் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புகையிலைக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிற பருவம். அந்த நேரம் பார்த்துத்தான் நல்லம்மா வீட்டில் இடி விழுந்தது.

அவர்களுடைய தோட்டக்கிணறு மூன்று வீட்டுக்குப் பங்கு. பாதி இராசநாயகத்தாருக்கு. மிச்சத்தில் ஒரு கால் ஏரம்புவுக்கு, மற்றக் கால் நல்லம்மாவின் கூடப்பிறந்த தம்பி தம்பிஐயாவுக்கு. ஆளுக்கு முறைநாள் உண்டு. முறைநாளில் இறைக்காமல் விட்டால் அடுத்த முறை வரும்வரை பயிர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இறைப்புக்கு மூன்று பேர் வேண்டும். கிணற்றுக்கு மேலால் ஏறி இறங்குகிற நீண்ட துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர். கிணற்றுக் கட்டில் நின்று, துலாவிலிருந்து தொங்குகிற கொடியைப் பிடித்துப் பனையோலைப் பட்டையைத் தாழ்த்தி, மேலே வந்த தண்ணீரை வாய்க்காலில் கவிழ்க்க ஒருவர். தோட்டத்துக்குள் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்ற ஒருவர். ஏரம்பு துலாவில், தம்பிஐயா பட்டையில், நல்லம்மா பாத்தியில். அக்காள் முறையென்றாலும் தம்பி முறையென்றாலும் இதே மூன்று பேர்தான். ஏரம்புவின் நடை அப்படி ஒரு நடை. துலாவில் அவன் நடக்கிற நிதானம் தரையில் நடக்கிறவனுக்குக்கூட வராது.

அந்த மாசத் தொடக்கத்தில் ஒரு காலை, பாதித் தோட்டம் நனைந்தபோது, கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் பட்டை மாட்டிவிட்டது. மாட்டினால் கீழே நிற்பவன் "நில்லு" என்று கூப்பிட வேண்டும். மேலே நிற்பவன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கிணற்றடிச் சட்டம் அது. ஏரம்பு நிற்கவில்லை. பட்டை கனக்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு எட்டுப் பின்னுக்கு வைத்தான். பட்டை கல்லை விட்டு விசுக்கென்று மேலே துள்ள, கொடியைப் பிடித்திருந்த தம்பிஐயா நிலை தடுமாறிக் கிணற்றுக்குள் போனான். நல்லகாலம், தண்ணீர் கழுத்தளவு. முழங்காலிலும் தோளிலும் தோல் உரிந்ததோடு ஏற்றிவிட்டார்கள்.

"அத்தானுக்குக் கேக்கேல்லை. நான் கூப்பிட்டனான். பாவம் மனுசன், கேக்கேல்லை" என்றான் தம்பிஐயா, நனைந்த தலையோடு.

"அவன் கூப்பிடேல்லை" என்றான் ஏரம்பு.

கூடி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவிடன் ஒருவன் வந்து, மற்றவன் கூப்பிடவில்லை என்று சாட்சி சொல்கிறான்! சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நல்லம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ! கூப்பிடேல்லை எண்டு சொல்லாதேங்கோ! என்ரை தம்பி செத்திருப்பான்!" என்று அத்தனை பேருக்கும் முன்னால் குளறினாள். ஏரம்பு அவள் வாயைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை.

இராசநாயகத்தார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "காது கேக்காத ஆள் துலாவிலை ஏறப்படாது. உயிர் விளையாட்டில்லை." நியாயம்தான், யார் என்ன சொல்ல முடியும்? அடுத்த முறைக்குக் கூலிக்கு மிதிக்க இருபாலையிலிருந்து வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. மாசியில் எந்தத் துலாக்காரன் சும்மா இருக்கிறான்! ஒரு முறை தவறிப் போனது. புகையிலை இலை நிலத்தைப் பார்க்கத் தொடங்கியது. வருகிற வெள்ளிக்கிழமை அடுத்த முறை. அதுவும் தவறினால் அந்த வருசப் பயிர் விறகுக்கும் உதவாது.

நல்லம்மா இராசநாயகத்தார் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

"அண்ணை, காது கேக்காட்டி ஏறப்படாது. கேட்டால்?"

"கேட்டால் ஏறட்டும். ஆர் வேண்டாம் எண்டது? ஆனா எப்பிடிக் கேக்கும்?"

"அது என்ரை பாடு."

யாழ்ப்பாணம் பெரியகடைத் தெருவில் மணிக்கூடும் மூக்குக்கண்ணாடியும் விற்கிற ஒரு கடையின் கண்ணாடி அலுமாரியில், 'செவிப்புலன் குறைந்தோர்க்கு' என்று எழுதிய அட்டையை அவள் தைப்பொங்கலுக்குச் சீலை எடுக்கப் போனபோது கண்டிருந்தாள். புதன்கிழமை காலை, பழஞ்சோற்றைத் தயிரும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து ஏரம்புவுக்குக் கொடுத்து, பஸ்சில் ஏற்றி, யாழ்ப்பாணம் கொண்டுபோனாள். ஏரம்புவுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. பஸ்சுக்குள் குளறிச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் மரியரட்ணம் குருநகர்க்காரர். வெள்ளைக் கோட்டு, எண்ணெய் வைத்து வாரின தலை, வாய் நிறையச் சிரிப்பு.

"மூண்டு சாதி இருக்கு, அம்மா. மூக்குக்கண்ணாடி மாதிரித்தான். டொக்டரிட்டைத் துண்டு வாங்கத் தேவையில்லை. போட்டுப் பாருங்கோ, கேட்டா எடுங்கோ, கேக்காட்டி விடுங்கோ."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலாவது ஒரு பித்தளைக் கொம்பு. சின்ன நுனியைக் காதில் வைத்து, அகன்ற வாயைக் கதைக்கிறவர் பக்கம் நீட்ட வேண்டும். இரண்டாவது இரண்டு முழ நீளத்தில் ஒரு ரப்பர்க் குழாய். ஒரு நுனி காதுக்கு. மற்ற நுனியில் ஒரு சிறு கிண்ணம், கதைக்கிறவர் அதற்குள் வாயை வைத்துக் கதைக்க வேண்டும். மூன்றாவதைத் தூக்கும்போது அவர் குரலே மாறிவிட்டது. கறுப்புப் பெட்டி ஒன்று, அதிலிருந்து ஒரு கம்பி பற்றரிக்கும் இன்னொரு கம்பி காதில் வைக்கிற தட்டுக்கும் போனது. தலைக்கு மேலால் ஒரு வளையம் அந்தத் தட்டை அமர்த்திப் பிடித்தது.

"கரண்டிலை வேலை செய்யிறது. கொழும்பிலை பெரிய பெரிய துரைமார் வைச்சிருக்கினம்."

"விலை?"

"கொம்பு ஒரு கிடாயாட்டு விலை எண்டு வையுங்கோ. குழாய் அதிலும் குறைவு. பெட்டி..." மரியரட்ணம் தொண்டையைச் செருமினார். "பெட்டி ஒரு சோடி உழவுமாடு."

நல்லம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கடவுளே! சரி, போட்டுப் பாப்பம்."

கொம்பை ஏரம்புவின் காதில் வைத்து, மரியரட்ணம் நேரே நின்று, "உங்கடை பக்கம் வெங்காயம் எப்பிடி, ஐயா?" என்று கேட்டார்.

"வெங்காயம் பரவாயில்லை. புகையிலைதான் தண்ணியில்லாமல் கிடக்கு" என்றான் ஏரம்பு.

குழாயை வைத்தும் அப்படியே. பெட்டியை வைத்தும் அப்படியே. எதைக் கேட்டாலும் பதில் டக்கென்று வந்தது. மரியரட்ணம் துள்ளாத குறை. "மாதாவாணை, மூண்டுக்கும் இப்பிடி ஒத்துவாற காதை நான் இண்டைக்குத்தான் காணுறன்!"

நல்லம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. சட்டி வாங்கினால் பத்துச் சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மனுசி அவள். சட்டியே அப்படியென்றால் காதை விடுவாளா?

"ஒருக்கா அங்காலை திரும்புங்கோ."

"ஆர், நானோ?"

"ஓம், நீங்கள்தான். முதுகைக் காட்டிக்கொண்டு கேளுங்கோ. ஏழு வருசமாய் இவர் என்ரை வாயைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுறவர். இப்ப உங்கடை வாயைப் பாக்கிறார்."

மரியரட்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கொம்பில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. குழாயின் கிண்ணத்தை வாயில் வைத்துத் திரும்பி நின்று முணுமுணுத்தபோது ஒரு சொல் பிசகாமல் ஏரம்பு திருப்பிச் சொன்னான். பெட்டியைப் போட்டதும் அவன் கண்கள் அகன்றன. "ஆரோ மாட்டுவண்டியைக் கடைக்குள்ளை விட்டிட்டாங்கள்!" என்று எழும்பி ஓரமாக ஒதுங்கினான். வெளியே பெரியகடைத் தெருவால் போன வண்டி அது. மணிச்சத்தம், சில்லுச்சத்தம், எல்லாம் அவன் காதுக்குள் வந்து இறங்கியிருக்கின்றன. மரியரட்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டதற்கும் பதில் சொன்னான்.

"பாத்தியளோ? பெட்டிதான் உங்களுக்கு" என்றார் மரியரட்ணம்.

"இவர் உங்கடை கடைக்குள்ளை துலா மிதிக்கப்போறாரோ? கிணத்தடிக்குக் கொண்டுவாங்கோ."

"என்னது?"

"மாடு வாங்கிறவன் கலப்பையிலை பூட்டிப் பாக்காமல் வாங்குவானோ? ஒரு சோடி மாட்டு விலை எண்டு நீங்கள்தானே சொன்னியள்? வெள்ளிக்கிழமை காலமை கோப்பாய்க்கு வாங்கோ. மூண்டையும் கொண்டுவாங்கோ. எது துலாவிலை வேலை செய்யுதோ, அதை எடுக்கிறன். என்ரை காப்பை வித்தெண்டாலும் எடுக்கிறன்."

மரியரட்ணம் தலையைச் சொறிந்தார். உப்பிடி ஒருவரும் கேட்டதில்லை என்றார். ஆனால் அந்தப் பெட்டி ஒன்பது மாசமாக அலுமாரிக்குள் தூசி பிடித்துக்கொண்டு கிடந்தது. வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கிணற்றடியில் கோயில் திருவிழா மாதிரிச் சனம். செவிடனுக்குக் காது பூட்டப் போகிறார்களாம் என்று கேள்விப்பட்டு இருபாலையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்லம்மா வந்தவர்களுக்குப் பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தே களைத்துப் போனாள். மரியரட்ணம் முதல் பஸ்சில் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினார். இராசநாயகத்தார் ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "முதல் ஒரு கயிறு. தம்பிஐயாவின்ரை இடுப்பிலை கட்டி மற்றத் தலைப்பைத் துலாவைத் தாங்கிற ஆடுகால் மரத்திலை கட்டுங்கோ. பிறகுதான் மற்றது" என்றார். அது நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மரியரட்ணமும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். "தம்பி, வாயிலை என்ன? வெத்திலையோ? உதைத் துப்பிப்போட்டு வாரும். சொல்லுத் தெளிவாய் வந்தாத்தானே சாமானின்ரை குணம் தெரியும்!"

தம்பிஐயா வேலிக்கு அப்பால் போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தான்.

நல்லம்மா திட்டம் சொன்னாள். சோதனையோடு சோதனையாக இறைப்பும் நடக்கட்டும், தண்ணீர் வீணாகக்கூடாது. ஏரம்பு வழக்கம்போல நடப்பார், கீழே பார்க்கக்கூடாது. அவள் தோட்டத்துக்குள் நின்று மண்வெட்டியை உயர்த்திக் காட்டும்போது தம்பிஐயா "நில்லு" என்று கூப்பிட வேண்டும், கொடியை அசைத்துக் காட்டப்படாது. நின்றால் சாமான் நல்லது. நிற்காவிட்டால் சூட்கேசுக்குள் போகலாம்.

"உந்த மனுசி அரசாங்கக் கச்சேரியிலை இருக்க வேண்டியவ" என்று யாரோ சொன்னார்கள்.

முதலில் பெட்டி. பெட்டியையும் பற்றரியையும் ஒரு துணியில் சுற்றி ஏரம்புவின் இடுப்பில் கட்டினார்கள். காதில் தட்டு, தலையில் வளையம், அதற்கு மேல் தலைப்பாகை. ஏரம்பு துலாவில் ஏறினான். இரண்டு கிழமைக்குப் பிறகு ஏறுகிறான். கால் மரத்தில் பட்டதும் அவன் முதுகு நிமிர்ந்ததை நல்லம்மா கண்டாள். மரியரட்ணம் கீழே நின்று எட்டிப் பெட்டியின் சாவியைத் திருப்பினார். ஏரம்பு நடந்தான். பட்டை தாழ்ந்து, நிரம்பி, ஏறியது. தம்பிஐயா கவிழ்த்தான்.

"ஐயோ!" என்று ஏரம்பு மேலேயிருந்து கத்தினான். "துலா முறியுது! ஓடுங்கோ, எல்லாரும் ஓடுங்கோ!"

சனம் நாலு பக்கமும் சிதறியது. இராசநாயகத்தார் கட்டையை விட்டு எழும்பிய வேகத்தை அவர் பெஞ்சாதி பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள். ஏரம்பு சறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். துலா முறியவில்லை. மரம் வழக்கமாகக் கிறீச்சிடுகிற சத்தமும், காற்றில் பனையோலை உரசுகிற சத்தமும் பெட்டிக்குள்ளால் பெருகி வந்து அவனை விரட்டியிருக்கின்றன. கூப்பிடவும் தேவையில்லாமல் சோதனை முடிந்துபோனது.

ஆனால் ஏரம்பு தட்டைக் காதிலிருந்து எடுக்க விடாமல் கொஞ்சநேரம் கையால் பொத்திக்கொண்டே நின்றான். தம்பிஐயா மிச்சத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினான்.

"தண்ணி கவிழ்க்கிற சத்தம் இப்பிடியோ இருந்தது?" என்றான் ஏரம்பு. "மறந்துபோனன்."

நல்லம்மா மண்வெட்டியால் வரம்பை இரண்டு முறை சும்மா கொத்தினாள். ஆனால் துலாவில் மனுசனை வெருட்டுகிற சாமானை ஒரு சோடி மாட்டு விலைக்கு வாங்க அவள் என்ன விசரியா?

"அடுத்தது!"

அடுத்தது கொம்பு. துலாவில் இரண்டு கையும் வேண்டும், கொம்பைப் பிடிக்கக் கையில்லை. தலைப்பாகையோடு சேர்த்துக் கட்டி, வாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஏரம்பு சிரிப்பைக் கவனிக்காமல் நடந்தான். ஆறு பட்டை, ஏழு பட்டை. நல்லம்மாவின் முதல் பாத்திக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. காய்ந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் அவளுக்கே கேட்டது. எட்டாவது பட்டை ஏறும்போது மண்வெட்டியை உயர்த்தினாள்.

"நில்லு!" என்று தம்பிஐயா அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான்.

ஏரம்பு நின்றான்.

சனம் ஆரவாரித்தது. மரியரட்ணம் கைதட்டினார். மறுபடியும் ஒரு தடவை, நின்றான். இன்னொரு தடவை, நின்றான். "முடிஞ்சுது, அம்மா! கொம்புதான்!" என்றார் மரியரட்ணம். "கிடாயாட்டு விலை!"

"பொறுங்கோ. இன்னும் ஒண்டு கிடக்கு."

"உந்தக் குழாய் துலாவுக்கு உதவாது, அம்மா. மற்ற நுனியிலை ஒரு ஆள் வாயை வைச்சுக் கதைக்கோணும். அவர் மேலை, நீங்கள் கீழை."

"உதவாட்டி உதவேல்லை எண்டு பாப்பம். மூண்டையும் பாக்கிறதெண்டு சொல்லித்தானே வந்தனீங்கள்?"

அவள் விடமாட்டாள் என்று தெரிந்ததும் மரியரட்ணம் குழாயை மாட்டினார். ஒரு நுனி ஏரம்புவின் காதில். கிண்ணம் இருந்த நுனி தொங்கி ஆடியதால் அதை அவன் மடியில் செருகிவிட்டார்கள். ஏரம்பு ஏறினான், நடந்தான். நல்லம்மா மூன்று பாத்தி மாற்றினாள். மண்வெட்டி உயர்ந்தது.

"நில்லு!"

ஏரம்பு நின்றான்.

மரியரட்ணத்துக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "பாத்தியளோ, பாத்தியளோ! குழாயும் வேலை செய்யுது! என்ரை கடைச் சாமான் எண்டாச் சும்மாவோ!"

"என்னெண்டு வேலை செய்யும்?" என்றாள் நல்லம்மா. "மற்ற நுனி அவற்றை மடிக்குள்ளை கிடக்கு. மடியோ கூப்பிட்டது?"

சிரிப்பு ஒரு பக்கத்தில் தொடங்கி, நடுவிலேயே நின்றுபோனது. இராசநாயகத்தார் முன்னுக்குச் சாய்ந்தார். நல்லம்மா பாத்தியை விட்டுவிட்டு, சேற்றுக்காலோடு கிணற்றடிக்கு வந்தாள்.

"இப்ப ஒண்டும் இல்லாமல் ஒருக்கா."

"ஒண்டும் இல்லாமலோ?" என்றார் மரியரட்ணம். அவர் முகம் வாடத் தொடங்கியிருந்தது.

"ஓம். கொம்பு வைச்சு நிண்டார், சரி. கொம்பு இல்லாமலும் நிண்டால் கொம்பை நான் என்னத்துக்கு வாங்கோணும்?"

குழாயைக் கழற்றினார்கள். ஏரம்பு வெறுங்காதோடு ஏறினான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பட்டை தாழ்ந்தது, நிரம்பியது, ஏறியது. நல்லம்மா அவன் முதுகுப் பக்கமாக நின்று கையை உயர்த்தினாள்.

"நில்லு!"

ஏரம்பு நின்றான். துலாவின் நடுவில், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, அசையாமல்.

இராசநாயகத்தார் எழும்பி வந்து, "இன்னொருக்கா" என்றார். நின்றான். "இன்னொருக்கா. இப்ப நான் கை காட்டுறன்." நின்றான். ஐந்து முறை பார்த்தார்கள், ஐந்து முறையும் நின்றான். தொண்டையைத் திறந்து கூப்பிட்டால் அந்தக் காதுக்கு ஏறுகிறது. ஏழு வருசமாக நல்லம்மா குளறிக் குளறிக் கதைத்தது பின்னே எதற்கு? அது கேட்டுத்தானே அவன் சாப்பிட வந்தான்!

"அப்ப அண்டைக்கு?" என்று கூட்டத்துக்குள் ஒரு குரல் கேட்டது.

நல்லம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தம்பிஐயா இடுப்புக் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வேலிப் பக்கம் திரும்பினாள். காலமை அவன் துப்பிய வெற்றிலை, வேலிக்கு நட்ட கிளுவங்கதியாலின் அடியில் சிவப்பாய்க் கிடந்தது.

"தம்பி, அண்டைக்கு உன்ரை வாயிலை என்ன கிடந்தது?"

"அக்கா..."

"என்ன கிடந்தது எண்டு கேக்கிறன்!"

"வெத்திலை" என்றான் தம்பிஐயா.

"வாய் நிறையவோ?"

"அப்பதான் போட்டனான். புதுப் புகையிலை, நல்ல காரம். வாய் நிறைஞ்சு போச்சு. பட்டை மாட்டினவுடனை கூப்பிடத்தான் வெளிக்கிட்டனான், அக்கா. கிணத்தடியிலை துப்பலாமோ? அண்ணை கண்டால் உயிரை எடுத்துப்போடுவார். விழுங்கவும் ஏலாது, தலை சுத்திப்போடும்." அவன் இராசநாயகத்தாரைப் பார்த்தான். "ம்ம், ம்ம் எண்டனான். அது அத்தானுக்குக் கேக்கும் எண்டு நினைச்சன்."

கிணற்றடியில் எச்சில் துப்பக்கூடாது என்பது இராசநாயகத்தாரின் தகப்பன் காலத்துக் கட்டளை. அதை மீறிய ஒருவனை வாய்க்கால் முழுக்கக் கழுவ வைத்தவர் இராசநாயகத்தார். பாவி, அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டே கிணற்றுக்குள் விழுந்திருக்கிறான்! உள்ளே போனபோதாவது துப்பினானா என்று யாரும் கேட்கத் துணியவில்லை.

"அண்டைக்கே உதைச் சொல்லுறதுக்கு என்ன?" என்று இராசநாயகத்தார் உறுமினார்.

"நான் ஏறி வரமுதலே எல்லாரும் அத்தானுக்குக் கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டியள். நானும் ஓமெண்டிட்டன்." தம்பிஐயாவின் கண் கலங்கிவிட்டது. "கூப்பிட்டனான் எண்டது பொய்தான்."

இராசநாயகத்தார் கைத்தடியை நிலத்தில் குத்தினார். "ஏரம்பு துலாவிலை ஏறலாம். இண்டைக்கும் ஏறலாம், எண்டைக்கும் ஏறலாம். வாயிலை வெத்திலையோடை ஒருத்தனும் பட்டைக்கு வரப்படாது. இது இந்தக் கிணத்துச் சட்டம்!"

சனம் ஓவென்று கத்தியது. இளந்தாரிகள் தலைப்பாகையைக் கழற்றி எறிந்தார்கள். தம்பிஐயாவின் முதுகில் இரண்டு மூன்று அடியும் விழுந்தது, செல்லமாக விழுந்ததோ கோபமாக விழுந்ததோ. மரியரட்ணம் மட்டும் சூட்கேசைத் திறந்து கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாமானும் தேவையில்லை என்று நிரூபிக்க அவர் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

ஏரம்புவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துலாவின் நடுவில் நின்றபடி கீழே பார்த்தான். முப்பது நாற்பது வாய்கள் ஒரே நேரத்தில் திறந்து மூடினால் அவன் எந்த வாயைப் பார்ப்பான்? தான் மறுபடியும் பிழை விட்டுவிட்டதாக நினைத்திருக்க வேண்டும், முகம் செத்துப்போயிருந்தது. மெதுவாக இறங்கி வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"சொல்லு, நல்லம்மா!" என்றார்கள். "மனுசனுக்குச் சொல்லு!"

நல்லம்மா வாயைத் திறந்தாள். குளற வரவில்லை. தம்பி பொய் சொன்னான் என்பதைக் குளறலாம். நீங்கள் சொன்னது மெய் என்பதைக் குளறலாம். மிச்சம் ஒன்று இருந்தது. அதை இத்தனை பேருக்கு முன்னால், இருபாலைச் சனத்துக்கும் கேட்கிற மாதிரி எப்படிக் குளறுவாள்?

அவள் மரியரட்ணத்திடம் போய், சூட்கேசுக்குள் கையை விட்டு ரப்பர்க் குழாயை இழுத்தாள். ஏரம்புவைக் கையில் பிடித்துக் கிணற்றுக் கட்டில் இருத்தினாள். ஒரு நுனியை அவன் காதில் வைத்தாள். மற்ற நுனியின் கிண்ணத்துக்குள் தன் வாயை வைத்து, பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அண்டைக்கு அவன் கூப்பிடேல்லை. வாயிலை வெத்திலை. இப்ப ஒத்துக்கொண்டிட்டான். நீங்கள் இனி ஏறலாமாம்."

ஏரம்புவின் முகத்தில் இரத்தம் ஓடியது. எழும்பப் பார்த்தான். அவள் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

"நானும் உங்களை நம்பேல்லை. எல்லாருக்கும் முன்னாலை உங்களை ஏசிப்போட்டன். என்ரை புருசன் சொன்னதை விட்டிட்டு..." அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கிண்ணம் வாயை விட்டு விலகியது. சேறு பட்ட கையால் முகத்தைத் துடைத்தாள்.

கிணற்றடி முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது. மனுசி என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நல்லம்மா சொன்னது ஒன்று ஊருக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஏரம்புவுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அவன் வாயைத் திறந்தால் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்று ஒன்று இல்லை.

"அதுக்கேனடி அழுகிறாய்?" என்று கிணற்றுக்குள் எதிரொலிக்கக் கேட்டான். "நானெண்டாலும் என்ரை தம்பியைத்தான் நம்பியிருப்பன்!"

சனம் கொல்லென்று சிரித்தது. நல்லம்மாவும் அழுகையோடு சிரித்துவிட்டாள். தம்பிஐயா வந்து அத்தானின் காலடியில் குந்திக்கொண்டான். இராசநாயகத்தார் தண்ணீர் வரம்பை உடைக்கிறது என்று சத்தம் போட்டார். மரியரட்ணம் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, சூட்கேசை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குழாயை வாங்க மற்றக் கையை நீட்டினார்.

நல்லம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"இது இஞ்சை நிக்கும். பெட்டியையும் கொம்பையும் கொண்டுபோங்கோ" என்றாள். பிறகு ஏரம்புவின் காதில் நுனியைச் சரிப்படுத்தி, கிண்ணத்தைத் திரும்ப வாயில் வைத்தாள். "பொறுங்கோ, நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."